எண்களைப் பற்றிக் காணொளி செய்யும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். 108-இன் ரகசியம், 8-ஆம் தேதியின் ஆபத்து, முப்பத்து முக்கோடி தேவர்களின் உண்மைக் கணக்கு என்று நாள் தவறாமல் காணொளிகளும் பகிர்வுச் செய்திகளும் செய்து அனுப்புகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருவரைக்கூட எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வது எல்லாம் என் வகுப்பு வரைக்கும் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சில பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தருகிறேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை, பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்காருவார்கள், அவ்வளவுதான். போன மாதம் ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன், பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, தயங்கித் தயங்கி வந்து கேட்டான். "டீச்சர், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல 108 சூரியனை வரிசையா வைக்கலாம், அதனாலதான் ஜபமாலையில 108 மணின்னு வீடியோல சொன்னாங்க. நான் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், 107தான் வருது. அப்ப மாலை தப்பா?"

அவன் கணக்கு சரி. சராசரி தூரம் சுமார் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர், சூரியனின் விட்டம் சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர், வகுத்தால் 107.4. நிலாவுக்குப் போட்டால் 110-ஐத் தாண்டும். போதாததற்குப் பூமியின் பாதை சரியான வட்டமும் இல்லை, ஜனவரி தொடக்கத்தில் அந்த விகிதம் 106-க்குக் கொஞ்சம் கீழே இருக்கும், ஜூலையில் 109-க்குக் கொஞ்சம் மேலே போகும். ஆக, 108-க்குப் பக்கத்தில் வருகிறது. பக்கத்தில் வருவதே மனசுக்கு இனிமையான விஷயம்தான், நானும் முதல் தடவை கேட்டபோது ஆகாயத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அதை ஒரு ஒற்றுமை என்று சொல்லியிருந்தால் எந்தக் குறையும் இல்லை. "இதனால்தான் முன்னோர்கள் 108 என்று வைத்தார்கள், இதோ விஞ்ஞான ஆதாரம்" என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். அதனால் ஒரு பதினொரு வயதுப் பையன், தன் பாட்டியின் கையில் இருக்கும் துளசி மாலை தப்போ என்று சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு அவனை உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னேன். கட்டைவிரலை விட்டுவிடு, மற்ற நாலு விரலில் எத்தனை கணு? ஒரு விரலுக்கு 3, மொத்தம் 12. கட்டைவிரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணு, ஒரு சுற்றுக்கு 12, ஒன்பது சுற்றுக்கு எவ்வளவு? அவன் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு முறையும் காட்டினேன், நடுவிரலின் இரண்டு கணுக்களை மேருவாக, அதாவது மாலையின் தலைமணியாக, நினைத்துத் தொடாமல் விட்டுவிட்டு மற்ற பத்துக் கணுக்களில் எண்ணுவது. பத்துப் பத்தாகப் பத்துத் தடவை போனால் 100, அதற்கு மேல் ஒரு எட்டு. அஷ்டோத்தர சதம் என்ற பேருக்கே நூற்றுக்கு மேல் எட்டு என்றுதான் பொருள். சந்தியாவந்தனத்தில் காயத்ரி சொல்லும்போது நேரம் இருந்தால் 108, குறைந்தால் 28, அதுவும் முடியாவிட்டால் 10 என்று வைத்திருக்கிறார்களே, மனிதனுக்கு அன்றாடம் எவ்வளவு அவசரம் இருக்கும் என்பதையும் யோசித்துப் போட்ட கணக்கு அது.

வானத்துக் கணக்கும் இருக்கிறது, அதற்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், பெருக்கினால் 108. அதையே ராசி வழியாகப் பார்த்தால் 12 ராசி, ராசிக்கு 9 பாதம், அப்போதும் 108. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எந்தப் பெரியவரும் விரல் நுனியில் வைத்திருக்கிற விஷயம் இது. மாலையை ஒரு சுற்று உருட்டினால் நட்சத்திர மண்டலத்தை ஒரு முறை வலம் வந்ததாக ஆகிறது. மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி, வந்த வழியே மறுபடி தொடங்குவார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பையன் வேறு எதுவும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் மாலையை எண்ணிப் பார்த்திருக்கிறான், மறுவாரம் வந்து "மேரு இல்லாம 108 டீச்சர்" என்றான்.

இன்னொன்று தஞ்சாவூர். பெரிய கோயில் விமானம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்து 216. லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து 12. பீடம் 18 அடி, அது மெய்யெழுத்து 18. லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவில் 247 அடி, அது மொத்த எழுத்து 247. இந்தச் செய்தி எத்தனை தடவை எனக்கு வந்திருக்கிறது என்று கணக்கே இல்லை. தமிழ் மேல் உள்ள அன்பில்தான் அனுப்புகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், கோயில் நிறைவடைந்தது 1010-ஆம் ஆண்டு. 12 அங்குலம் ஒரு அடி என்று நாம் இன்று அளக்கிற அளவு ஆங்கிலேயர் கொண்டுவந்தது. ராஜராஜனின் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், தோரை என்றுதான் குறிக்கின்றன. முழமும் விரலும் வைத்து அளந்த கோயிலுக்குள் ஆங்கில அடியில் எழுத்துக் கணக்கை ஒளித்துவைத்தார்கள் என்றால், அந்தச் சிற்பிகளின் சொந்தக் கணக்கை நாமே அழித்துவிடுகிறோம் இல்லையா?

அதே கோயிலில் உண்மையாகவே ஒரு 108 இருக்கிறது, அதை யாரும் அனுப்புவதில்லை. கருவறைக்கு மேல் தளத்தின் உட்சுற்றில் சிவபெருமானே நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்களை, அதாவது ஆடல் நிலைகளை, ஆடிக் காட்டுகிற மாதிரி வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். கரணங்கள் மொத்தம் 108. செதுக்கி முடித்தது 81. மீதி 27-க்கான கற்கள் வெறுமையாக அப்படியே வரிசையில் நிற்கின்றன. ஆயிரம் வருடமாக நிற்கின்றன! பிற்காலத்தில் சிதம்பரம் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு சேர்த்துக் கரணங்களைச் செதுக்கினார்கள், அங்கே ஆடுகிறவர்கள் பெண்கள். தஞ்சையின் அந்த 27 வெறுங்கற்களை நினைக்கும்போது எனக்கு 216 அடி கதையைக் கேட்டால் வராத ஒரு சிலிர்ப்பு வருகிறது, ஏனென்றால் உளி எந்த இடத்தில் நின்றது என்பது கூடத் தெரிகிறது.

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்ய தேசமும் அப்படித்தான். 108 என்று சொல்கிறோம், சோழ நாட்டில் 40, பாண்டிய நாட்டில் 18, மலை நாட்டில் 13, தொண்டை நாட்டில் 22, நடு நாட்டில் 2, வட நாட்டில் 11, அதோடு திருப்பாற்கடலும் பரமபதமும். இந்த உடம்போடு போய்ச் சேவிக்க முடிந்தது 106 மட்டும். எல்லா ஊருக்கும் போய்வந்த வைணவப் பெரியவர்கள் "106 ஆச்சு, மிச்சம் இரண்டுக்கு அவன் கூப்பிடணும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு எண்ணுக்குள் ஆயுளையும் மறுமையையும் சேர்த்து வைத்துவிட்ட பேச்சு அது.

சிதம்பரத்துக்கு வருகிறேன். அங்கே ஐந்து படி ஏறினால் நடராஜர் ஆடும் சித்சபை, ஐந்தெழுத்துக்கு ஐந்து படி. மேலே பொற்கூரையில் 21,600 ஓடு, 72,000 ஆணி என்பது தில்லை மரபு. அந்த மரபில் உடம்பில் மூச்சு ஓடும் நாடிகள் 72,000, ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600. இந்த 21,600-ஐப் பிள்ளைகளோடு கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவு நன்றாக வரும். 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, நாளுக்கு 60 நாழிகை. நிமிடக் கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு 15 மூச்சு, பெரியவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது விடுகிற அளவுதான். என் வகுப்பில் ஒரு நிமிடம் எல்லோரையும் கண்ணை மூடி எண்ணச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு 20, 22 என்று வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவுக்கு 14. யாருக்கும் சரியாக 15 வரவில்லை, அதற்காக யாரும் கூரையைச் சந்தேகப்படவும் இல்லை, ஏனென்றால் "இது விஞ்ஞானம் நிரூபித்தது" என்று நான் சொல்லவில்லை. "நீ விடுகிற மூச்சையே ஓடாக்கி அவருக்குக் கூரை போட்டிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். ஒரு பெண் குழந்தை கேட்டது, "அப்ப என் மூச்சும் அங்க இருக்கா?"

சரி, இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயத்தைச் சொல்கிறேன். அது எட்டு.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு 8-ஆம் தேதி குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை, எந்தக் குறையும் இல்லை. பார்க்கப் போனால் அந்தப் பெண் முகம் வாடிக் கிடக்கிறாள். என்னம்மா என்று கேட்டால் கைப்பேசியைக் காட்டுகிறாள், 8-இல் பிறந்தவர்கள் வாழ்க்கை முழுக்கப் போராட்டம், தாய்க்கும் ஆகாது என்று ஒரு காணொளி, கீழே பரிகாரத்துக்குத் தொடர்பு எண். பிறந்து மூன்று நாள் ஆன பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது. நண்பர்களே, அந்தக் காணொளியைச் செய்தவர் இதைப் படிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, படித்தால் அந்த முகத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

இந்து மரபில் எட்டு எங்கே எல்லாம் இருக்கிறது? கண்ணன் தேவகிக்கு எட்டாவது பிள்ளை, பிறந்தது அஷ்டமியில். வைணவர்களின் திருமந்திரம் எட்டெழுத்து. லட்சுமி எட்டு, திக்குப் பாலகர் எட்டு, சித்தி எட்டு. சிவனின் வீரச் செயல்கள் நடந்த தலங்கள் எட்டு, அட்டவீரட்டம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த திருக்கடவூரும் அதில் ஒன்று, அறுபதுக்கும் எண்பதுக்கும் ஆயுள் வேண்டி நாம் போகிற ஊர். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு எட்டும் தெரியும். ஞானசம்பந்தர் பதிகம் என்றால் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வந்துவிடுவான். கயிலையைத் தூக்கப் போய், விரலுக்கு அடியில் நசுங்கி, பாடிப் பணிந்து, அருள் பெறுவான். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும். பாட்டு மறந்துபோன பிள்ளைக்கு "எட்டுடா, இராவணன்" என்று பக்கத்துப் பிள்ளை காதில் சொல்லும், உடனே வந்துவிடும். தப்பு செய்தவனும் மன்னிப்புப் பெறுகிற இடம் எட்டு. அதைப் போய்ப் பிறந்த குழந்தைக்குச் சாபமாகச் சொல்லலாமா?

நீங்கள் சொல்கிற அந்தப் பெயர் எண் பலன் வேறு இடத்திலிருந்து வந்தது. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் எழுத்துக்கு 1, எஃப், பி எழுத்துக்கு 8 என்று ஆங்கில எழுத்துகளுக்குத்தானே அதில் மதிப்புப் போடுகிறீர்கள்? போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கீரோ என்ற பெயரில் எழுதிய ஒரு அயர்லாந்துக்காரர் அதைப் பரப்பினார். நம்புகிறவர்கள் நம்பட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்கு வேதத்தையும் சித்தர்களையும் துணைக்கு அழைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எழுத்துக்கு எண் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்தது, கடபயாதி. அதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? நினைவில் வைக்க. பாட்டு கற்கத் தொடங்குகிற எந்தக் குழந்தையும் முதலில் பாடுகிற ராகம் மாயாமாளவகௌளை, அதில் மா 5, யா 1, வலமிருந்து இடமாகப் படித்தால் 15, தாய் ராகங்களான மேளகர்த்தா 72-இல் அது 15-ஆவது. மேசகல்யாணியில் மே 5, ச 6, ஆக 65. மகாபாரதத்தின் பழைய பெயர் ஜய, ஜ 8, ய 1, திருப்பினால் 18. பர்வம் 18, கீதை அத்தியாயம் 18, போர் நடந்த நாள் 18, சேனை கௌரவர் பக்கம் 11-உம் பாண்டவர் பக்கம் 7-உம் சேர்த்து 18 அக்குரோணி என்னும் படைப்பிரிவு. ஒரு அக்குரோணிக்குத் தேர் 21,870, யானையும் அதே 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 வரும், கூட்டித்தான் பாருங்கள். பயமுறுத்தாமலேயே ஆச்சரியப்படுத்த எவ்வளவு இருக்கிறது!

எழுகூற்றிருக்கை தெரியுமா? ஒன்று, பிறகு ஒன்று இரண்டு ஒன்று, பிறகு ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என்று ஏறி இறங்கி ஏறி ஏழு வரைக்கும் போய்த் தேர் போல இறங்கும் பாட்டு. சீர்காழிக்குச் சம்பந்தர் பாடினார், குடந்தைக்குத் திருமங்கையாழ்வார், சுவாமிமலைக்கு அருணகிரிநாதர். எண்ணையே வடமாகப் பிடித்துத் தமிழில் தேர் இழுத்தவர்கள் இவர்கள். யஜுர் வேதத்தில் ஸ்ரீருத்ரத்தோடு சேர்த்து ஓதும் சமகத்தில் 11-ஆவது பகுதியான அனுவாகத்துக்குப் போனால், அது 1, 3, 5 என்று 33 வரைக்கும் ஒற்றைப்படை எண்களையும், அப்புறம் 4, 8, 12 என்று 48 வரைக்கும் நான்கின் மடங்குகளையும் "எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும்" என்று கேட்கிறது. அன்னம் கேட்டு, ஆயுள் கேட்டு, கடைசியில் எண்களையே வரமாகக் கேட்கிற பிரார்த்தனை! எண்ணிக்கையை இவ்வளவு நேசித்த ஒரு மரபில் ஒரு எண் எப்படி நமக்கு எதிரியாக முடியும்?

கடைசியாக முப்பத்து முக்கோடி. "கோடி என்றால் வகை, முட்டாள்தனமாக 33 கோடி சாமி என்று நினைத்துவிட்டார்கள்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். வடமொழியில் கோடிக்கு வகை என்ற பொருளும் உண்டு, அது சரிதான். முப்பத்து மூவர் என்ற கணக்கு பழையது, வசுக்கள் 8, ருத்ரர் 11, ஆதித்யர் 12, மேலும் இருவர். ஆண்டாளும் திருப்பாவையில் முப்பத்து மூவர் என்றே பாடுகிறாள். ஆனால் எண்ணிலடங்காத தெய்வங்கள் என்று நம்பிக் கும்பிட்ட நம் பாட்டிகளை முட்டாள்கள் என்று சொல்லித்தான் இதை விளக்க வேண்டுமா? பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியரிடம் ஒருவர் கேட்கிறார், தேவர்கள் எத்தனை பேர்? 303-உம் 3003-உம் என்கிறார். சரி, உண்மையில் எத்தனை? 33. உண்மையில்? 6. மறுபடி கேட்கிறார், 3. மறுபடி, 2. மறுபடி, ஒன்றரை. மறுபடி, ஒன்று. ஒரே கேள்விக்கு இத்தனை பதிலும் சொல்கிறார், முதல் பதிலைச் சொன்னதற்காக யாரும் யாரையும் ஏளனம் செய்யவில்லை. எந்தப் படியில் நின்று கேட்கிறாயோ அந்தப் படிக்கு உரிய எண். இதைவிட நல்ல காணொளி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நான் கேட்பது கொஞ்சம்தான். நூலில் இருப்பதை நூலில் இருக்கிறது என்று சொல்லுங்கள், எந்த நூல் என்றும் சொல்லுங்கள். தில்லைக் கூரை போல வழிவழியாகச் சொல்லிவருவதை மரபு என்று சொல்லுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. உங்களுக்கே தோன்றியதை எனக்குத் தோன்றுகிறது என்று சொல்லுங்கள், அதையும் ஆசையாகக் கேட்போம். எந்த எண்ணையும் வைத்து யாருடைய பிறந்தநாளையும் கதவு எண்ணையும் பயமாக மாற்றாதீர்கள். 8 பற்றிய அந்த மாதிரிக் காணொளி உங்கள் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், இன்றைக்கே.

அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது நானும் போயிருந்தேன். அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் கண்ணன் எட்டாவது பிள்ளை என்று சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும், அந்தக் காணொளியைப் பார்த்த நிமிடத்தில் மட்டும் அது ஞாபகம் வரவில்லை என்றாள்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பு ஆசிரியை